கண்ணாடித் தொட்டி நீர்ப்பூண்டுகளுக்கு ஏற்ற வெளிச்சம்

சென்னையிலுள்ள கொளத்தூர் அலங்கார மீன் வியாபாரத்திற்குப் பேர்போனது. 2020-ஆம் வருஷத்தில் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் வீட்டுக் கொல்லையில் அலங்கார மீன் வளர்ப்பதற்கும் இடமளிக்கப்பட்டது. பாகாயம் முதலிய இடங்களில் இதை உபதொழிலாகக் கைக்கொள்ள விரும்பும் குடியானவர்கள், முதலில் ஒரு சிறு தொட்டியில் பூண்டுகளையும் மீன்களையும் சேர்த்து வளர்த்துப் பழகுவது நலம். அதில் பெரும்பாலும் தவறுவது வெளிச்சத்திலேயாம்.

பூண்டுகள் வெளிச்சத்திலேதான் பிராணவாயுவை வெளிவிடுகின்றன என்பதை 1779-இல் இங்கன்ஹூஸ் என்பவர் நிரூபித்தார். இருளில் அவையும் மீன்களைப் போலவே பிராணவாயுவை உட்கொள்ளும். ஆகையால் மீன்கள் நெருங்கியுள்ள தொட்டியில் விடியற்காலத்தில் அவை மேல்மட்டத்தில் வாய் திறந்து தவிப்பதைக் காணலாம். இதற்குப் பரிகாரம் இராமுழுதும் விளக்கெரிப்பதன்று. மீன்களைக் குறைப்பதும் காற்றுக் குழாய் வைப்பதுமே.

சன்னலோரத்து நேர்வெயில் உதவாது. சித்திரை, வைகாசி மாதங்களில் சிறு தொட்டியின் தண்ணீர் விரைவில் சூடேறும். பச்சைப் பாசியும் படரும். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரமுள்ள தொட்டி சுமார் 50 லிட்டர் கொள்ளும். வேலம்பாசி, நீர்ப்பிரமி போன்ற எளிய பூண்டுகளுக்கு லிட்டருக்கு 10 முதல் 20 லூமன் வரை போதும். 10 வாட் எல்.இ.டி. விளக்கு ஒன்று அதைத் தரும். 6,500 கெல்வின் என்று குறித்த வெள்ளை விளக்கே ஏற்றது.

முதல் சில வாரங்கள் தினம் 6 மணி நேரமும், வேர் பிடித்தபின் 8 மணி நேரமும் எரித்தல் வேண்டும். இரண்டு மாதத்திற்குச் செலவாவது 4.8 யூனிட்டே, 40 வாட் பழைய இழை விளக்காயின் 19.2 யூனிட்டாகும், உஷ்ணமும் மிகும். கண்ணாடியில் பாசி படிந்தால் நேரத்தைக் குறைக்கவும். தண்டுகள் நீண்டு மெலிந்தால் விளக்கைத் தாழ்த்தவும்.

இப்பகுதிக்குரிய எச்சரிக்கை ஒன்றுண்டு. தோல் பதனிடும் சாலைகளின் கழிவுநீரால் பாலாற்றுப் பிரதேசத்தில் பல கிணறுகள் உவர்ப்பேறின; 1996 ஆகஸ்டு 28-இல் உச்ச நீதிமன்றம் இதுபற்றித் தீர்ப்பளித்தது. அத்தகைய ஜலத்தில் பூண்டுகள் கருகினால் வெளிச்சம் போதாதென்று விளக்கைப் பெருக்குவது வீண். முன்னதாக ஜலத்தின் உப்பைச் சோதித்து, வேண்டுமாயின் மழைநீரைக் கலந்து கொள்க. கிராம அலுவலர்கள் இதனை ஜனங்களுக்கு எடுத்துரைப்பார்களாயின், வீண் செலவும் மீன் நஷ்டமும் தவிரும்.