எல்லைப்புற இளைஞரும் லாரி லைசென்சும்

நெய்யாற்றின்கரையிலிருந்து அமரவிளை, பாறசாலை வழியாகக் களியக்காவிளைக்குச் செல்லும் பெருஞ்சாலையோரத்தில் மாலைப் பொழுதில் அரைமணி நேரம் நின்றால், காய்கறியும் கருங்கல் ஜல்லியும் மீனும் ஏற்றிய லாரிகள் ஓயாது கடந்து செல்வதைக் காணலாம். கே.எல். 19 என்பது பாறசாலை வண்டி, கே.எல். 20 நெய்யாற்றின்கரை, டி.என். 75 மார்த்தாண்டம். எண்கள் வேறாயினும் அவற்றை ஓட்டும் சாரதிகளுள் உற்றார் உறவினர் பலர். 1956 நவம்பர் 1 ஆம் தேதி விளவங்கோடு தாலுகா சென்னை ராஜ்யத்துடன் இணைந்தது. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்திலேயே நின்றுவிட்டது. அண்ணன் வீடு அப்பாலும் தம்பி வீடு இப்பாலுமாக ஆனது அன்று முதல்தான்.

இவ்வூர்களை விட்டுப் பிழைப்பு நாடி வெளியே வந்துள்ள நம் அன்பர்கள், ஊரில் உள்ள தம்பியையோ மைத்துனரையோ லாரித் தொழிலில் சேர்க்க எண்ணும்போது முதலில் கேட்பது, "லைசென்சை எந்தப் பக்கத்தில் எடுப்பது?" என்பதே. ஒரு பக்கத்தில் சோதனை கடினம், மறுபக்கத்தில் எளிது என்ற பேச்சு தேநீர்க் கடைகளில் எப்போதும் உண்டு. அதை நாம் ஆராயப் போவதில்லை. சட்டம் கூறுவது இதுதான்: ஒருவர் தாம் வசிக்கும் மாநிலத்திலோ, தொழில் நடத்தும் மாநிலத்திலோ, பயிற்சி பெறும் பள்ளி இருக்கும் மாநிலத்திலோ விண்ணப்பிக்கலாம். ஆகவே பாறசாலைப் பிள்ளை மார்த்தாண்டத்துப் பயிற்சிப் பள்ளியில் கற்றுத் தமிழ்நாட்டில் உரிமம் பெறுவதில் குற்றம் ஏதுமில்லை. எங்குப் பெற்றாலும் அது இந்தியா முழுவதும் செல்லும். ஆனால் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு உரிமங்கள் வைத்திருப்பதைச் சட்டம் தடுக்கிறது. முற்காலத்தில் அதைக் கண்டுபிடிப்பது அரிது. இன்றோ இரு மாநிலப் பதிவுகளும் ஒரே கணினித் திரட்டில் இருக்கின்றன.

அவசரப்படும் இளைஞர்களுக்கு ஒரு சொல். 1988 ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, போக்குவரத்து வாகனம் ஓட்ட 20 வயது நிரம்பியிருக்க வேண்டும். கார் முதலிய இலகுரக வண்டிக்கான உரிமம் பெற்று ஓராண்டு ஆகாமல், கனரக லாரிக்குப் பழகுநர் உரிமம்கூடக் கிடைக்காது. பழகுநர் உரிமம் பெற்று 30 நாள் கழிந்த பின்னரே சோதனைக்குச் செல்லலாம். அது ஆறு மாதம் செல்லும். மருத்துவரின் சான்றும் பயிற்சிப் பள்ளியின் சான்றும் வேண்டும். எட்டாம் வகுப்புத் தேறியிருக்க வேண்டும் என்ற பழைய விதி 2019 இல் நீக்கப்பட்டது. படிப்பைப் பாதியில் விட்டுக் கிளீனராகச் சென்ற எத்தனையோ பிள்ளைகளுக்கு அதனால் வழி திறந்தது.

மொத்த எடை 7,500 கிலோவுக்கு மேற்படாத சிறு சரக்கு வண்டிக்கு இலகுரக உரிமமே போதும் என்று உச்ச நீதிமன்றம் 2017 இல் தீர்ப்பளித்து, 2024 நவம்பரில் அரசியல் சாசன அமர்வின் வாயிலாக உறுதி செய்தது. சிலர் இதைக் கேட்டுவிட்டு டிப்பர் லாரியிலும் ஏறி அமர்கின்றனர்! அது பெருந்தவறு. விபத்து நேர்ந்து, சாரதிக்குத் தக்க உரிமம் இல்லையென்று தெரிந்தால், காப்பீட்டுக் கம்பெனி பாதிக்கப்பட்டவருக்குக் கொடுக்கும் தொகையை வண்டி உடைமையாளரிடமே திரும்ப வசூலிக்க நீதிமன்றங்கள் இடமளிக்கின்றன. உடைமையாளர் பெரும்பாலும் நம் ஊரில் நகை அடகு வைத்து வண்டி வாங்கியவராகவே இருப்பார்.

இனி நம் குடும்பங்களுக்கே உரிய ஒரு தொல்லையைச் சொல்ல வேண்டும். நமக்குத் தெரிந்த அன்பர் ஒருவர் வளைகுடா நாட்டில், அந்நாட்டு உரிமம் பெற்று, நான்காண்டுகள் டிரெய்லர் ஓட்டினார். ஊர் திரும்பியதும் பக்கத்து ஊர்க் குவாரியில் வேலை கிடைத்தது. உரிம அட்டையில் அவருடைய நாற்பதாவது வயது வரை தேதி இருந்தது. மனிதர் நிம்மதியாக இருந்தார். வண்டிக்காரர் அட்டையைத் திருப்பிப் பார்த்து, "அண்ணாச்சி, இது கார் ஓட்டும் தேதியல்லவா?" என்றாராம். அட்டையில் இரண்டு தேதிகள் உண்டு. சொந்த வாகனம் ஓட்டுவதற்கு ஒன்று. போக்குவரத்து வாகனத்துக்கு மற்றொன்று. பின்னது முன்பு மூன்றாண்டு; 2019 திருத்தத்துக்குப் பின் ஐந்தாண்டு. அவருடையது காலாவதியாகிப் பதினான்கு மாதம் ஆகியிருந்தது. ஓராண்டு கடந்துவிட்டால் வெறும் புதுப்பித்தல் போதாது. மீண்டும் சோதனையில் தேற வேண்டும். பாலைவனத்தில் பதினெட்டுச் சக்கர வண்டி ஓட்டியவர், பயிற்சிப் பள்ளிப் பிள்ளைகளோடு மைதானத்தில் வரிசையில் நின்றார். குவாரி வேலை வேறொருவருக்குப் போயிற்று. வீட்டுக் கடனுக்கு மூன்று தவணை தவறியது.

காலாவதிக்குப் பின் முப்பது நாள் செல்லும் என்ற பழைய சலுகையும் 2019 இல் எடுக்கப்பட்டுவிட்டது. இதைப் பல மூத்த சாரதிகளே அறியார். ஆயினும் காலாவதிக்கு ஓராண்டு முன்பாகவே புதுப்பிக்க விண்ணப்பிக்கலாம் என்பது, விடுமுறைக்கு ஊர் வருவோர்க்குப் பேருதவி. அடுத்த பயணத்துக்குள் தேதி முடிவதாயிருந்தால், இம்முறையே மருத்துவச் சான்றுடன் அந்த வேலையை முடித்துக்கொள்ளலாம்.

பெயர் விஷயத்திலும் கவனம் வேண்டும். பள்ளிச் சான்றில் தந்தையின் முதலெழுத்து, ஆதாரில் வீட்டுப் பெயர், பாஸ்போர்ட்டில் தந்தையின் முழுப்பெயர் என்று ஒரே ஆள் மூவராக நிற்பது எல்லைக் கிராமங்களில் சர்வசாதாரணம். தமிழில் எழுதிய பெயர் மலையாளத்துக்குச் சென்று ஆங்கிலத்துக்கு மாறுகையில் ஓரெழுத்து கூடியோ குறைந்தோ விடுகிறது. பழகுநர் உரிமத்துக்கு எழுதுமுன் இதைச் சீர்செய்வது எளிது. விசா வந்த பின் சீர்செய்வது அவ்வளவு எளிதன்று.

ஓணத்துக்கோ கிறிஸ்துமஸுக்கோ ஊர் செல்லவிருக்கும் அன்பர்கள், பெட்டி கட்டுமுன் உரிம அட்டையை எடுத்து அந்த இரண்டாவது தேதியைப் பார்த்துக்கொள்ளக் கோருகிறோம்.