கடைசி இரண்டு சதவீதம்

சார்ஜ் தீரப்போகும்போது லினக்ஸ் லேப்டாப் தானாக அணைந்துகொள்ளாதா என்று கேட்பவர்கள் உண்டு. அணைந்துகொள்ளும். அந்த வேலைக்கென்றே யூபவர் என்று ஒரு நிரல் உள்ளே இருக்கிறது. க்னோம் மாதிரி முழு டெஸ்க்டாப் போட்டிருந்தால் அதுவும் கூடவே வந்திருக்கும். பேட்டரி 2 சதவீதத்துக்கு இறங்கியதும் அது சுமார் 20 விநாடி பொறுக்கும். அதற்குள் சார்ஜரைச் செருகிவிட்டால் பேசாமல் இருந்துவிடும்; இல்லாவிட்டால் கடையைச் சாத்திவிடும்.

அப்புறம் ஏன் பலருடைய லேப்டாப் பொசுக்கென்று போகிறது? அந்த 2 சதவீதம் புது பேட்டரிக்குத்தான் சரிப்படும். திரையில் தெரியும் சதவீதத்தை யாரும் நேரடியாக அளப்பதில்லை. உள்ளே போன கரண்ட், வெளியே வந்த கரண்ட், வோல்டேஜ் எல்லாவற்றையும் பார்த்து பேட்டரிக்குள் இருக்கும் சிப் போடும் உத்தேசக் கணக்கு அது. லித்தியம் செல் நிறைந்திருக்கையில் 4.2 வோல்ட் காட்டும். 3 வோல்ட்டை ஒட்டி இறங்கினால் பாதுகாப்புச் சுற்று இணைப்பைத் துண்டித்துவிடும். செல் பழசாக ஆக அதன் உள்தடை கூடிவிடுகிறது. பிராசசர் திடீரென்று அதிகமாக இழுத்தால் வோல்டேஜ் சரிகிறது, இணைப்பு போகிறது. திரையில் 9 சதவீதம் இருந்ததெல்லாம் அந்தச் சுற்றுக்குத் தெரியாது.

அப்படிப் போனால் என்ன நஷ்டம் என்கிறீர்களா? ஒரு ஃபைலை காப்பி செய்து, முடிந்தது என்று திரை சொன்ன பிறகும், அது அரை நிமிடம்வரை மெமரியிலேயே இருக்கக்கூடும். லினக்ஸ் டிஸ்க்கில் நிதானமாகத்தான் எழுதும். எக்ஸ்ட்4-இன் ஜர்னல் ஃபைல் சிஸ்டம் சிதையாமல் பார்த்துக்கொள்ளுமே தவிர, எழுதப்படாத ஃபைலுக்கு அது ஜவாப்தாரி இல்லை. முறைப்படி அணையும்போதோ, சிஸ்டம்டி ஒவ்வொரு நிரலிடமும் முடித்துக்கொள்ளச் சொல்கிறது. அடம்பிடிக்கும் சேவைக்கு வழக்கமாக 90 விநாடி தவணை. ஆக, கடைசி இரண்டு நிமிடத்துக்காவது பேட்டரி தாங்கியாக வேண்டும்.

பழைய பேட்டரி என்றால் வரம்பை உயர்த்துங்கள். எட்சி ஃபோல்டருக்குள் யூபவர் ஃபோல்டர், அதில் ஒரு கான்ஃபிக் ஃபைல். ரூட்டாகத் திறந்தால் பெர்சன்டேஜ் லோ, பெர்சன்டேஜ் கிரிட்டிக்கல், பெர்சன்டேஜ் ஆக்‌ஷன் என்று மூன்று வரிகள் இருக்கும். பலரும் ஆக்‌ஷனை மட்டும் 10 ஆக்கிவிட்டு நிம்மதியாகப் போய்விடுவார்கள். அங்கேதான் வில்லங்கம். மூன்று எண்ணும் இறங்குவரிசையில் இருந்தாக வேண்டும். கிரிட்டிக்கல் 5-இலேயே நிற்க ஆக்‌ஷன் 10 என்றால், நீங்கள் எழுதியதை ஓரங்கட்டிவிட்டு யூபவர் தன் பழைய எண்களுக்கே திரும்பிவிடும். திரையில் ஒரு முணுமுணுப்பும் வராது. 25, 15, 10 என்று மூன்றையும் சேர்த்தே மாற்றி, யூபவர் சேவையை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

அதே ஃபைலில் கிரிட்டிக்கல் பவர் ஆக்‌ஷன் என்று இன்னொரு வரி. வழக்கமாக ஹைப்ரிட் ஸ்லீப் என்றிருக்கும். அது முடியாவிட்டால் ஹைபர்னேட், அதுவும் முடியாவிட்டால் பவர் ஆஃப். ஹைபர்னேட்டுக்கு டிஸ்க்கில் போதுமான ஸ்வாப் இடம் வேண்டும். பல கணினிகளில் அது கிடையாது. பவர் ஆஃப் என்றே எழுதிவிடுங்கள் என்பது என் கட்சி. வெறும் சஸ்பெண்ட் மட்டும் வேண்டாம். மெமரி கரண்டைக் குடித்துக்கொண்டே இருக்கும், யூபவரும் சேர்ந்து தூங்கிவிடும்.

ஐ3 மாதிரி மெலிந்த விண்டோ மேனேஜர் வைத்திருப்பவர்கள் யூபவர் ஓடுகிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். தானாகக் கிளம்பாமலே இருக்கலாம். அது வேண்டாம் என்றால் நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும் சிஸ்டம்டி டைமரும் நாலு வரி ஸ்கிரிப்டும் போதும். கெர்னல் தரும் பேட்டரி ஃபைல்களில் கெபாசிட்டி என்பதைப் படித்து, 10-க்குக் கீழே என்றால் அணைக்கச் சொல்லலாம். ஆனால் ஸ்டேட்டஸ் ஃபைலையும் படித்து, டிஸ்சார்ஜிங் என்றிருந்தால் மட்டும் அணைக்கச் சொல்லுங்கள். அதை விட்டால், காலி பேட்டரியோடு சார்ஜரைச் செருகி ஆன் செய்யும் ஒவ்வொரு தடவையும் லேப்டாப் எழுந்து உடனே படுத்துவிடும்.