அலை உடையாத இடத்தில்தான் ஆபத்து

கரையில் நின்று பார்த்தால் இருபுறமும் அலைகள் நுரைத்துப் புரள்கின்றன. நடுவில் ஒரு பட்டை மட்டும் அமைதியாகக் கிடக்கிறது. குழந்தைகளை அங்கே இறக்கலாம் என்றுதான் எவருக்கும் தோன்றும். ஆனால், நீந்தத் தெரிந்தவர்களையும் கடல் இழுத்துச் செல்வது பெரும்பாலும் அப்படிப்பட்ட இடங்களில்தான்.

இழுப்பு எப்படி உருவாகிறது?

அலைகள் கரையில் சேர்க்கும் தண்ணீர் கடலுக்குத் திரும்பியாக வேண்டும். மணல்திட்டுகளுக்கு இடையே பள்ளம் இருந்தால் அதன் வழியே திரண்டு பாயும். இதுவே இழுப்பு. பள்ளத்தில் ஆழம் அதிகம். அதனால் அங்கே அலை உடைவதில்லை. கலங்கிய மணல் நிறமும் கடலை நோக்கி நகரும் நுரையும் இதற்கு அடையாளங்கள். தூண்டில் வளைவுகளின் ஓரத்திலும் முகத்துவாரங்களிலும் இழுப்பு இருக்கும். சில வேளைகளில் அதன் வேகம் நொடிக்கு 2 மீட்டரைத் தொடும். அதை எதிர்த்து நீந்தி எவராலும் வெல்ல முடியாது.

சிக்கினால் என்ன செய்வது?

இழுப்பு ஆளை அடியில் அமிழ்த்துவதில்லை. கடலுக்குள் கொண்டுபோகிறது, அவ்வளவுதான். எதிர்த்து நீந்திக் களைத்துப் போவதே உயிரைப் பறிக்கிறது. மல்லாந்து மிதந்து, கையை உயர்த்தி உதவி கேளுங்கள். தெம்பிருந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, அலை உடையும் இடத்தை அடைந்து, அலையோடு கரையேறுங்கள். கரையில் இருப்பவர்கள் பின்னாலேயே குதிக்கக் கூடாது. காலி கேன், டியூப் என மிதக்கும் எதையாவது வீசிவிட்டு, உயிர்காப்பாளரைக் கூப்பிட வேண்டும். அவர் இல்லையென்றால் 112-ஐ அழைக்க வேண்டும்.

எங்கே, எப்போது இறங்கலாம்?

சென்னைக்குத் தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள கோவளம், 2021-இல் நீலக்கொடிச் சான்று பெற்றது. தண்ணீரின் தரம், பாதுகாப்பு உள்ளிட்ட 33 அளவுகோல்களை நிறைவுசெய்யும் கடற்கரைக்கே அந்தச் சான்று கிடைக்கும். அங்கும் குளிக்க ஒதுக்கிய எல்லைக்குள்தான் இறங்க வேண்டும். பன்னாட்டு வழக்கப்படி மேலே சிவப்பும் கீழே மஞ்சளுமான கொடி, உயிர்காப்பாளர் கண்காணிக்கும் பகுதியைக் குறிக்கும். தனிச் சிவப்புக் கொடி பறந்தால் இறங்கக் கூடாது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இந்தக் கடல் சீற்றம் மிகுந்தது.

வானம் தெளிவாக இருப்பதை மட்டும் நம்பவும் முடியாது. இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் எழும் புயல்களின் அலைகள் பல நாள் கழித்து நம் கரைக்கு வந்து மோதும். மீனவர்கள் இதைக் கள்ளக்கடல் என்பார்கள். 2024 மே மாதம் அப்படியோர் எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்த நாள்களில், கன்னியாகுமரி மாவட்டத்து லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் உயிரிழந்தனர். ஹைதராபாத்தில் உள்ள இந்திய தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் வெளியிடும் அலை எச்சரிக்கையைப் பார்த்துவிட்டுப் புறப்படுவது நல்லது.

அலைச்சறுக்குக்குப் போகிறவர்களுக்கு

கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் மீனவர் வீட்டுப் பிள்ளைகள் பலர் இன்று அலைச்சறுக்குப் பயிற்சியாளர்களாக இருக்கிறார்கள். 2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டியே மாமல்லபுரத்தில் நடந்தது. புதிதாகக் கற்பவர்கள் பயிற்சியாளர் இல்லாமல் இறங்கக் கூடாது. பலகையைக் காலோடு பிணைக்கும் கயிறு கட்டாயம். விழுந்தாலும் பிடித்து மிதக்கப் பலகை பக்கத்திலேயே இருக்கும். துடுப்புப் படகில் ஏறினால் உயிர்காப்பு உடையைக் கழற்றவே கூடாது.

1,000 கிலோமீட்டருக்கும் மேல் கடற்கரை உள்ள மாநிலம் தமிழ்நாடு. இழுப்பை அடையாளம் காண்பதை நம் பள்ளிகள் ஒவ்வொரு பிள்ளைக்கும் சொல்லித்தர வேண்டும். அதுவரை, உயிர்காப்பாளரிடமோ உள்ளூர் மீனவரிடமோ கேட்டுவிட்டே கடலில் இறங்குவோம். அவர்கள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.