கூலி வேலைக்கு ஆள் கூப்பிடப் போறீங்களா? 'எவ்வளவு?'னு கேட்கிறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

காலை 7 மணி. எந்த ஊராக இருந்தாலும் ஏதாவது ஒரு ஜங்ஷனில், டீக்கடையை ஒட்டி சாப்பாட்டுத் தூக்கோடு சில பேர் நிற்பார்கள். பைக் வேகத்தைக் குறைத்தாலே சூழ்ந்துகொள்வார்கள். "எத்தனை ஆளு சார்?" "ரெண்டு பேர். எவ்வளவு?" பேரம் படிந்ததும் கிளம்பிவிடுவார்கள். மொத்தமே ரெண்டு நிமிஷம். எனக்கு இந்த வேலை கிடைக்க மூன்று ரவுண்டு இன்டர்வியூ நடந்தது!

எங்கள் வீட்டில் மாடி எடுத்தபோது அப்பாவும் இப்படித்தான் ஆள் கூட்டி வந்தார். ஒரு பெரியாள், ஒரு சித்தாள். (கட்டட வேலையில் கொத்தனாருக்கு உதவும் ஆண் பெரியாள், பெண் சித்தாள்.) ரெண்டு நாள் நன்றாகப் போனது. மூன்றாம் நாள் ரெண்டு பேருமே வரவில்லை. கலவை போட ஆளில்லாமல் கொத்தனார் சும்மா உட்கார்ந்திருக்க, அவருக்கு முழுக் கூலி. "நம்பிக்கையான ஆளே கிடைக்கிறதில்ல" என்று அப்பா நாள் முழுக்கப் புலம்பினார்.

ஒரு வாரம் கழித்து அந்தச் சித்தாள் அக்காவைத் தெருமுனையில் பார்த்தேன். "கீழ் வேலைன்னுதான பாப்பா கூட்டிட்டு வந்தாரு? வந்து பார்த்தா மணல் பூரா மாடிக்கு ஏத்தணும்ங்கறாரு. ஆறு மணிக்கு விடுறேன்னுட்டு ஏழாயிடுச்சு. எம் புள்ள வாசப்படியில உட்கார்ந்திருந்துச்சு" என்றார். இதை நான் அப்பாவிடம் சொல்லவில்லை. இப்போது படித்துக்கொள்ளட்டும்.

முதலில் நீங்க சொல்லுங்க

கேள்வி கேட்பதற்கு முன்னால் வேலையைச் சொல்லிவிட வேண்டும். என்ன வேலை, எத்தனை மாடி ஏற வேண்டும், எத்தனை நாள், எத்தனை மணிக்கு விடுவீர்கள், டீ உண்டா, கூலி அன்றன்றைக்கா சனிக்கிழமையா? இன்னொன்று முக்கியம்: மழை வந்தாலோ, மணல் லாரி வராவிட்டாலோ கூலி எப்படி? அரை நாள் கணக்கா, முழு நாளா? நிறைய சண்டை இந்த ஒரு விஷயத்தில்தான் வருகிறது.

அப்புறம்தான் உங்கள் கேள்வி. "அனுபவம் இருக்கா?" என்று கேட்டால் எல்லோரும் "இருக்கு" என்றுதான் சொல்வார்கள். "கடைசியா எந்த மேஸ்திரிகிட்ட வேலை பார்த்தீங்க?" என்று கேட்டு, அந்த மேஸ்திரிக்கு ஒரு போன் போடுங்கள். "பூச்சு வேலைக்கு ஒரு மூட்டை சிமென்டுக்கு எத்தனை சட்டி மணல் போடுவீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். கலவை போட்டுப் பழகியவர் யோசிக்காமல் சொல்வார். "சாரத்துல ஏறினா தலை சுத்துமா, வலிப்பு வந்திருக்கா?" என்பதையும் தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள். வேண்டாம் என்று திருப்பி அனுப்புவதற்காக இல்லை, கீழ் வேலை கொடுப்பதற்காக. காலையிலேயே குடித்துவிட்டு வந்தவரை மட்டும் அன்றைக்கு வேலைக்கு ஏற்றாதீர்கள்.

முதல் நாள் கூலியை அன்று மாலையே கொடுங்கள். ரெண்டாம் நாள் ஆள் வருவதற்கு இதைவிடப் பெரிய உத்தரவாதம் எனக்குத் தெரிந்து இல்லை. ஆதாரை போட்டோ எடுத்துக்கொண்டு, ஒரிஜினலை அப்போதே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வீட்டு ஆள் ஒருவரின் போன் நம்பரையும் குறித்து வையுங்கள், அடிபட்டால் யாருக்குச் சொல்வது? பெரிய அட்வான்ஸ் வேண்டாம். கொடுத்துவிட்டு, "கடனைக் கழிச்சுட்டுத்தான் போகணும்" என்று பிடித்து வைத்தால் அது 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தில் போய் நிற்கும். அதே 1976-ல்தான் ஒரே வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் சமக் கூலி என்ற சட்டமும் வந்தது. பெரியாளும் சித்தாளும் அதே சட்டியைத்தான் சுமக்கிறார்கள், கூலி மட்டும் இன்னும் வேறு வேறு.

வட மாநிலத் தொழிலாளர்கள் என்றால் பெரும்பாலும் நடுவில் ஒரு கான்ட்ராக்டர் இருப்பார். நீங்கள் கொடுக்கும் பணத்தில் வேலை செய்கிறவர் கைக்கு எவ்வளவு போகிறது என்று அவரிடமே கேளுங்கள். 2023 மார்ச்சில் பரவிய போலி வீடியோக்களால் அவர்களும் அவர்கள் வீட்டில் இருந்தவர்களும் எவ்வளவு பயந்தார்கள் என்பது நமக்கு நினைவிருக்கும். ஊருக்கு வீடியோ கால் பேச டவர் கிடைக்கிற இடமா என்பதுகூட அவர்களுக்கு முக்கியம்தான்.

நலவாரிய அட்டை இருக்கிறதா என்றும் விசாரியுங்கள். கட்டுமானத் தொழிலாளர் நலவாரியத்தில் பதிந்திருந்தால் விபத்து உதவி, பிள்ளைகளுக்குக் கல்வி உதவி, ஓய்வூதியம் எல்லாம் உண்டு. இல்லையென்றால், மத்திய அரசு 2021-ல் தொடங்கிய இ-ஷ்ரம் பதிவாவது இருக்கிறதா என்று பாருங்கள். செல்போனிலேயே பதியலாம், பக்கத்தில் உட்கார்ந்து நாமே செய்து கொடுக்கலாம்.

'அப்படியே அந்தத் தொட்டியையும்...'

வேலை முடிகிற நேரத்தில் சகஜமாக வருகிற வார்த்தை இது. "அப்படியே செப்டிக் டேங்க்கையும் கொஞ்சம் பார்த்துடுங்க, தனியா ஐநூறு தர்றேன்." மண் வெட்ட வந்தவர் மறுக்கச் சங்கடப்பட்டு மூடியைத் திறப்பார். உள்ளே இருக்கும் விஷவாயு நொடிகளில் மயக்கமாக்கிவிடும். காப்பாற்ற இறங்குகிறவரும் திரும்புவதில்லை. இப்படி ஒரே தொட்டியில் ரெண்டு, மூன்று பேர் இறந்த செய்திகளை எங்கள் டெஸ்க்கில் நாங்களே போட்டிருக்கிறோம்.

2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பாதுகாப்பு ஏற்பாடுகள் இல்லாமல் ஆளை இப்படி இறக்குவது குற்றம். முதல் முறைக்கே 2 ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கூப்பிட்ட வீட்டுக்காரரும் இதில் சிக்குவார். சாக்கடை மரணங்களுக்கான இழப்பீட்டை 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் 30 லட்சமாக உயர்த்தியது. தொட்டியைச் சுத்தம் செய்ய வேண்டுமா? 14420-க்கு போன் போட்டு உறிஞ்சு லாரியைக் கூப்பிடுங்கள். அது வரும்வரை மூடி திறக்க வேண்டாம்.