செட் எடுப்பவன்

இரும்பும் களிமண்ணும் – 6

பைல் அடிக்கும் சைட்டுக்குப் புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் ஹாமரைத்தான் பார்ப்பார்கள். ஒன்பது டன் இரும்பு ஏறி ஏறி விழும்போது வேறு எதைப் பார்ப்பது? ஆனால் எங்கள் கேங்கில் பெரிய மரியாதை ஹாமர் ஓட்டுகிறவருக்குக் கிடையாது. பைல் அருகே குந்திக்கொண்டு, பென்சிலைப் பிடித்தபடி, “போதும், நிறுத்து” என்று சொல்லத் தெரிந்தவருக்குத்தான். கண்ணுக்குத் தெரியாத ஆழத்தில் பைல் சரியான இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது என்று எப்படி முடிவு செய்கிறீர்கள் என்று சில வாசகர்கள் கேட்டிருந்தார்கள். இந்த வாரம் அதைச் சொல்கிறேன்.

முதலில் மண். நாங்கள் பைல் அடிக்கும் சிங்கப்பூர் சின்னத் தீவுதான், ஆனால் ஒரே மண் இல்லை. நடுவில் புக்கிட் தீமா பக்கம் கருங்கல்லும் அது மக்கிய மண்ணும். மேற்கே ஜூரோங்கில் படிவுப் பாறை. கிழக்கே இறுகிப்போன பழைய வண்டல். காலாங், மரினா பே மாதிரித் தாழ்ந்த இடங்களில் கடல் களிமண், சில இடங்களில் 30 மீட்டருக்கும் மேல். சாம்பல் நிறத்தில் கேப்பங்களி மாதிரி இருக்கும். மேலே நடந்தால் பூட்ஸைப் பிடித்துக்கொண்டு விடாது. 2004 ஏப்ரல் 20 அன்று நிக்கல் நெடுஞ்சாலை உள்ளே சரிந்து நான்கு பேர் இறந்ததும் இந்தக் களிமண்ணில் ரயில் சுரங்கத்துக்காகத் தோண்டிய பள்ளத்தில்தான். மண் மட்டும் காரணமல்ல. முட்டுக் கொடுத்த இரும்பின் இணைப்புகள் பலவீனமாக வடிவமைக்கப்பட்டிருந்ததை விசாரணை வெளிக்கொண்டு வந்தது. இப்படிப்பட்ட மண்ணில் கட்டடத்தின் பாரத்தைக் கீழே இருக்கும் கெட்டி மண்வரை கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் பைலின் வேலை.

அடிக்கும் முன் அதைத் தூக்கி நிறுத்த வேண்டும். என்னைக் கேட்டால், ஹாமர் ஓடும் நேரத்தைவிட ஹாமர் சும்மா நிற்கும் இந்த நேரம்தான் ஆபத்து. 600 மி.மீ. விட்டமும் 12 மீட்டர் நீளமும் உள்ள ஒரு கான்கிரீட் ஸ்பன் பைல் ஏறக்குறைய 5 டன் வரும். லாரியிலிருந்து படுக்கையாக இறக்கும்போது இரண்டு முனையிலிருந்தும் நீளத்தில் ஐந்தில் ஒரு பங்கு உள்ளே தள்ளி சிலிங் போடுவோம். நட்டமாக நிறுத்தும்போது ஒரே இடம்தான்: மேல் முனையிலிருந்து பத்தில் மூன்று பங்கு, அதாவது 3.6 மீட்டர். இந்தக் கணக்கு தப்பினால் பைல் தன் கனத்திலேயே வளைந்து வெடிப்பு விடும். முடியளவு வெடிப்பு, சேறு பட்டால் கண்ணில் படாது. பிறகு ஹாமர் அதைப் பெரிதாக்கும்.

பைலின் அடிமுனை தரையை விட்டுக் கிளம்பும் நொடியில் 5 டன்னும் ஊசலாடப் பார்க்கும். டேக் லைன் கயிற்றைப் பிடிக்கிறவன் அதைக் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது என்பது முதல் நாளே சொல்லித்தரும் பாடம். கிரேனுக்குச் சிக்னல் காட்டுவது ஒரே ஆள். ஆனால் ‘நிறுத்து’ என்று யார் கை காட்டினாலும், டீ கொண்டுவந்த பையன் காட்டினாலும், ஆபரேட்டர் நிறுத்தியாக வேண்டும். மழை பெய்த மறுநாள் கிரேனின் செயின் பட்டைக்குக் கீழே போட்டிருக்கும் இரும்புத் தகடுகளைச் சுற்றிப் பார்க்காமல் எந்த நல்ல ஆபரேட்டரும் மேலே ஏற மாட்டார். லோடு சார்ட்டில் எழுதியிருக்கும் எடையெல்லாம் சமதளமான, உறுதியான தரைக்குத்தான்.

இனி அடி. களிமண்தானே, ஓங்கி ஒரு போடு போட்டால் இறங்கிவிடும் என்று தோன்றும். அங்கேதான் பைல் கெடும். கீழே எதிர்ப்பு இல்லாதபோது பலமாக அடித்தால், அடியின் அதிர்வு அடிமுனைவரை போய், இழுவிசையாகத் திரும்பி மேலே வரும். கான்கிரீட் அமுக்கினால் நன்றாகத் தாங்கும், இழுத்தால் தாங்காது, குறுக்கே வெடிக்கும். அதனால் இளகிய மண்ணில் ஹாமரைக் கொஞ்ச உயரம் மட்டும் தூக்கிப் போடுவோம். பழைய டீசல் ஹாமரில் இன்னொரு கூத்து: கீழே எதிர்ப்பு இருந்தால்தான் உள்ளே காற்று நன்றாக அமுங்கி டீசல் பற்றும். களிமண்ணில் பைல் வழுக்கிக்கொண்டு போனால் ஹாமர் ‘பற்றாமல்’ நின்றுவிடும். திரும்பத் திரும்பத் தூக்கிவிட வேண்டும். ஹைட்ராலிக் ஹாமர் வந்தபின் அந்தத் தொல்லை போனது, எண்ணெய்ப் புகையும் போனது.

கனமான ஹாமர், குறைந்த உயரம் என்ற இந்தப் பாடம் இன்று வந்ததல்ல. ஸ்காட்லாந்துக்காரரான ஜேம்ஸ் நாஸ்மித் தன் நீராவி பைல் ஹாமரை 1845இல் இங்கிலாந்தின் டெவன்போர்ட் கப்பல்துறையில் இறக்கியபோது பழைய முறைக்காரர்களுடன் ஒரு போட்டி வைத்தார்கள். இரண்டு தரப்புக்கும் 70 அடி நீளம், 18 அங்குலச் சதுரத்தில் ஒரே மாதிரி மரம். லேசான கட்டையை உயரத்திலிருந்து விட்டு அடித்தவர்களுக்கு 12 மணி நேரம். டன் கணக்கில் கனத்தைச் சில அடி உயரத்திலிருந்து சடசடவென்று போட்டவருக்கு நாலரை நிமிடம். நாஸ்மித் தன் சுயசரிதையில் சொல்லும் கணக்கு இது. தன் வெற்றியைத் தானே எழுதுகிறவர் கொஞ்சம் கூட்டியிருந்தாலும், தத்துவம் சரிதான்.

இப்போது பென்சிலுக்கு வருவோம். பைல் கெட்டி மண்ணைத் தொட்டதும் ஓசை மாறும். ‘தொப், தொப்’ என்றது ‘டங், டங்’ என்று ஆகும். உடனே ஹாமரை நிறுத்தி, பைல் மேல் ஒரு வெள்ளைத் தாளை டேப் போட்டு ஒட்டுவோம். பைலுக்குச் சற்றுத் தள்ளி இரண்டு முளை அடித்து, அதன்மேல் ஒரு நேரான சட்டம். பைலோடு சேர்ந்து ஆடும் தரையில் முளை இருந்தால் அளவே பொய். சட்டத்தின்மேல் பென்சிலை வைத்து, முனையைத் தாளில் ஒட்டி, அடி விழ விழ மெதுவாகப் பக்கவாட்டில் நகர்த்த வேண்டும். ஒவ்வோர் அடிக்கும் கோடு ஒரு துள்ளு துள்ளித் திரும்பும், ஆனால் பழைய இடத்துக்குத் திரும்பாது. திரும்பாமல் மிஞ்சியதுதான் நிஜமான இறக்கம், அதுதான் செட். திரும்பி வந்தது பைலும் மண்ணும் ஸ்பிரிங்காக அமுங்கி மீண்டது. கணக்குக்கு இரண்டும் வேண்டும்.

“அண்ணே, வந்துருச்சா?”

“ஒரு அடிக்கு மூணு மில்லி எறங்குதுடா தம்பி. பத்துக்கு முப்பது. இன்னும் போடச் சொல்லு.”

எஞ்சினியர் கொடுத்த கணக்கு பத்து அடிக்கு 25 மி.மீ.க்குள் என்றால், முப்பது தேறாது. இந்தப் பெருக்கலைப் பள்ளிக்கூடப் பையனும் போடுவான். செட் எடுப்பவனின் தொழில் அதற்குப் பிறகு தொடங்குகிறது. தாளில் கணக்கு சரியாக வந்தபிறகும் அவன் சந்தேகப்பட வேண்டும். பக்கத்து பைல் எல்லாம் 36 மீட்டர் போயிருக்க, இது 22இல் நின்றால், கீழே உருண்டைக் கல்லோ, யாரோ புதைத்துவிட்டுப் போன பழைய அஸ்திவாரமோ இருக்கலாம். பைல் தலைக்கும் ஹாமருக்கும் நடுவில் வைக்கும் பிளைவுட் நைந்து கரிந்து, அடியின் பலம் கீழே போகாமல் இருக்கலாம். அப்போது பைல் இறங்காததற்குக் காரணம் மண்ணில்லை.

களிமண் ஏமாற்றும் விதமும் உண்டு. மாலையில் கடகடவென்று இறங்கிக்கொண்டிருந்த பைலைப் பாதியில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போனால், மறுநாள் காலையில் அது அசையாது. அடியில் கலங்கி, நீரின் அழுத்தம் ஏறியிருந்த மண், இரவில் அழுத்தம் வடிந்து பைலைக் கவ்விக்கொள்ளும். காலை முதல் பத்து அடியில் தாளில் அழகான செட் கிடைக்கும். அனுபவமில்லாதவன் கையெழுத்துப் போட்டுவிடுவான். தெரிந்தவன், “இது நேத்து ராத்திரி தூங்குன பைலு, இன்னும் அடி” என்பான். பைலைப் பாதியில் விட வேண்டாம் என்று மூத்தவர்கள் ஓவர்டைமுக்கு மல்லுக்கட்டுவதன் காரணமும் இதுதான்.

இப்போது பைலில் சென்சார் மாட்டி, ஒவ்வோர் அடியையும் கணினியில் பார்க்கிறார்கள். நல்லது. ஒரு தாளுக்காக ஓர் ஆளை ஓடும் ஹாமருக்குக் கீழே உட்கார வைப்பது எனக்கு என்றுமே சரியாகப் பட்டதில்லை. மேலிருந்து போல்ட் விழும், கான்கிரீட் சில்லு விழும், எரியும் பிளைவுட் துண்டு விழும்.

இன்னொன்றும் போகும், காது. பழைய ஆட்கள் அடியின் ஓசையைக் கேட்பதற்காகவே காதடைப்பைக் கழற்றிவிடுவார்கள். அந்தப் பெருமை வேண்டாம். ஓசை சொல்வதையெல்லாம் தாள் சொல்லிவிடும். சிங்கப்பூர்ச் சட்டப்படி, எட்டு மணி நேரச் சராசரியில் 85 டெசிபலும் அதற்கு மேலும் சத்தம் உள்ள இடத்தில் வேலை செய்கிறவருக்கு வேலையில் சேரும்போதும், பிறகு ஆண்டுக்கு ஒரு முறையும் காது பரிசோதனை கட்டாயம். சத்தத்தால் வரும் செவிட்டுத்தன்மை அங்கே இழப்பீடு கோரக்கூடிய தொழில்நோய். புதுக்கோட்டையிலிருந்தோ பட்டுக்கோட்டையிலிருந்தோ பைலிங் வேலைக்குக் கிளம்பும் தம்பிகளே, பரிசோதனை நடந்தால் மட்டும் போதாது. முதல் பரிசோதனைத் தாளின் நகல் ஒன்றைக் கேட்டு வாங்கி, பாஸ்போர்ட்டோடு வைத்துக்கொள்ளுங்கள்.

(தொடரும்)