ஃபார்வேர்டு பட்டன் இல்லாத காலத்து நிருபர்கள்!

வந்த செய்தியைப் பத்துப் பேருக்கு அனுப்ப இன்று இரண்டு விநாடி போதும். படிக்கக்கூட வேண்டாம், கட்டைவிரலால் ஒரு தட்டு, அவ்வளவுதான். 1989-ல் அப்படி இல்லை. பேப்பரில் வந்த செய்தியை நண்பர்களுக்கு அனுப்ப வேண்டுமென்றால், முதலில் அதைப் படிக்க வேண்டும், சுருக்க வேண்டும், பிறகு எழுத்தெழுத்தாக டைப் செய்ய வேண்டும். அந்தச் சிரமத்தை விரும்பி ஏற்றுக்கொண்ட மாணவர்களின் கதை இது.

நால்வர் தொடங்கிய பத்திரிகை

1989 மார்ச் 6-ம் தேதி, அமெரிக்காவிலும் கனடாவிலும் இருந்த சீன மாணவர்கள் நான்கு பேர் சேர்ந்து ‘சைனா நியூஸ் டைஜஸ்ட்’ என்ற செய்தித் தொகுப்பைத் தொடங்கினார்கள். அலுவலகம் கிடையாது, சம்பளம் கிடையாது, சந்தாவும் கிடையாது. பல்கலைக்கழகக் கம்ப்யூட்டரும் மின்னஞ்சலும்தான் மூலதனம். இன்று நாம் பார்க்கும் இணையப் பக்கங்கள் அப்போது பிறக்கவே இல்லை.

வெவ்வேறு ஊர்களில் இருந்தவர்கள் வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். ஒருவர் செய்தி நிறுவனங்களின் தகவல்களைப் பார்ப்பார், இன்னொருவர் சுருக்குவார், மற்றொருவர் தொகுத்து அனுப்புவார். ஒவ்வொரு செய்தியோடும் அது எங்கிருந்து எடுக்கப்பட்டது என்ற குறிப்பும் போகும்.

வதந்திக்கு நடுவே

தொடங்கிய அடுத்த மாதமே பெய்ஜிங்கின் தியானன்மென் சதுக்கத்தில் மாணவர்கள் திரண்டார்கள். ஜூன் 3 இரவு தொடங்கி 4-ம் தேதி விடியும்வரை ராணுவம் சுட்டது. அங்கே தம்பி, தங்கைகளும் நண்பர்களும் என்ன ஆனார்கள் என்று தெரியாமல் வெளிநாட்டில் இருந்த மாணவர்கள் தவித்தார்கள். உள்ளூர்ப் பத்திரிகைகளில் உண்மை வராது என்பதால், மேலைநாட்டுப் பத்திரிகைச் செய்திகளைச் சீனாவில் இருந்த ஃபேக்ஸ் எண்களுக்கு அனுப்பினார்கள்.

அந்த நாள்களில் இரண்டு தகவல்கள் உலகெங்கும் பரவின. தலைவர் டெங் ஷியாவோபிங் இறந்துவிட்டார் என்பது ஒன்று. பிரதமர் லீ பெங் சுடப்பட்டார் என்பது மற்றொன்று. இரண்டுமே பொய். ஜூன் 9-ம் தேதி டெங் பொதுவில் தோன்றினார். அவர் இறந்தது 1997-ல்தான். வீட்டு நினைப்பில் தூக்கமின்றி இருப்பவருக்கு எதுவும் உண்மையாகத் தோன்றும். அப்போதுதான் ‘இதைச் சொன்னது யார்?’ என்ற ஒற்றை வரியின் மதிப்பு புரியும்.

1991 ஏப்ரல் 5-ம் தேதி இதே குழு ‘ஹுவா ஷியா வென் ஜாய்’ என்ற வார இதழைச் சீன மொழியிலேயே தொடங்கியது. சீன எழுத்து மின்னஞ்சலில் நேரடியாகப் போகாது. ஆங்கிலக் குறிகளாக மாற்றி அனுப்பி, பெறுபவர் தன் கம்ப்யூட்டரில் திரும்ப எழுத்தாக்கிக்கொள்ள வேண்டும்.

தமிழுக்கும் அதே பாடு

நம்மூரில் பொதுமக்களுக்கு இணையம் வந்தது 1995 ஆகஸ்ட் 15-ல். வி.எஸ்.என்.எல். நிறுவனம் மாணவர்களுக்கென்று ஆண்டுக்கு 500 ரூபாய்த் திட்டம் வைத்திருந்தது. படம் வராது, எழுத்து மட்டும்தான். அதிலும் தமிழ் என்றால் தலைவலி. ஒருவர் ஒரு ஃபான்ட்டில் எழுதியது, அந்த ஃபான்ட் இல்லாதவருக்குக் கோணல்மாணல் குறிகளாகத் தெரியும். 1998 பொங்கலன்று தொடங்கிய ‘மதுரைத் திட்டம்’ பல நாட்டுத் தமிழர்களைச் சேர்த்துப் பழைய நூல்களைத் தட்டச்சு செய்ய வைத்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த ‘தமிழிணையம் 99’ மாநாட்டில் விசைப்பலகைக்கு ஒரு பொது வடிவம் கிடைத்தது. யூனிகோடு பரவிய பிறகே எந்த போனிலும் தமிழ் தெரியும் நிலை வந்தது.

ஜவளகிரியில் இன்று

இப்போது கருவி எல்லோர் கையிலும் இருக்கிறது. கிருஷ்ணகிரி மாவட்டத்தில், கர்நாடக எல்லையை ஒட்டிய ஜவளகிரியை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழும் கன்னடமும் தெலுங்கும் கலந்து பேசும் பகுதி. கேழ்வரகு அறுவடைக் காலத்தில் பன்னேர்கட்டா காட்டிலிருந்து யானைக் கூட்டங்கள் ஜவளகிரிக் காட்டுக்குள் வந்து, தளி, ஓசூர்ப் பக்கம் நகரும். அங்கே ‘யானை வந்துடுச்சு’ என்ற ஒரு வரி உயிரைக் காக்கும் செய்தி.

ஆனால் எந்த ஊரில்? எப்போது? பார்த்தவர் யார்? இவை இல்லாமல் போன வருஷத்து வீடியோ சுற்றினால், வேடிக்கை பார்க்க ஒரு கூட்டம் ஓடும். இரண்டு முறை ஏமாந்தவர்கள், மூன்றாவது முறை நிஜமாகவே யானை வரும்போது அசையமாட்டார்கள். இரவில் வயலுக்குக் காவல் போகிறவருக்கு அது ஆபத்து.

இதைச் சரிசெய்ய ஒரு பள்ளி மாணவரே போதும். வந்த செய்தியை அப்படியே தள்ளிவிடாமல், பார்த்தவருக்கு ஒரு போன் போட்டு, இடத்தையும் நேரத்தையும் சேர்த்துத் தானே மூன்று வரி எழுதலாம். வனத்துறைக்கு முதலில் சொல்லிவிட்டு, பிறகு ஊர் குரூப்பில் போடலாம். எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் நண்பருக்குக் கன்னடத்திலும் அனுப்பலாம். 1989-ல் அந்த நால்வர் செய்ததும் ஏறக்குறைய இதைத்தான்.