கடன் கொடுக்கும் தொழிலை எங்கே பழகுவது?

வியாபாரம் எப்படிப் பழகுவது என்று எம்மவர்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. ஓ.எல். எழுதிவிட்டு வரும் பொடியன் முதலில் கடையைக் கூட்டுகிறான், சாமான் இறக்குகிறான். பிறகு அளக்கவும் பில் எழுதவும் பழகுகிறான். முதலாளிக்கு நம்பிக்கை வந்த பிறகுதான் லாச்சிச் சாவி அவன் கைக்கு வருகிறது.

இன்று எங்கள் பிள்ளைகளில் பலர் ஏ.எல். முடித்துவிட்டு நுண்கடன் நிறுவனங்களில் வெளிக்கள உத்தியோகத்தர்களாகச் சேர்கிறார்கள். இது சின்ன வேலை அல்ல. இடியப்பம் அவித்து விற்கும் ஒரு தாத்தாவுக்கு ஐம்பதாயிரம் ரூபா கொடுக்கலாமா, அவரால் கிழமைக்கு எவ்வளவு கட்ட முடியும் என்று தீர்மானிக்கும் வேலை. தீர்மானம் பிழைத்தால் அந்தக் குடும்பம் ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் எடுக்கும். ஆகவே இந்தத் தொழிலை எப்படிப் பழக்குவது என்பது முக்கியமான கேள்வி.

வகுப்பறை மட்டும் போதாது. வீட்டு வாசலில் நின்று அடுப்படியையும் சரக்கையும் பார்த்து வருமானத்தைக் கணிப்பதைப் புத்தகம் பழக்காது. மழைக் காலத்தில் மீன் வியாபாரி ஏன் தவணை பிந்துகிறார் என்பதும் ஊருக்குள் போனால்தான் விளங்கும்.

வெளிக்களம் மட்டும் இருந்தாலும் போதாது. ஓர் உதாரணம் பாருங்கள். 50,000 ரூபா கடன், வருடத்திற்கு 24 வீதம், 52 கிழமைத் தவணை. முழுத் தொகைக்கும் வட்டி போட்டால் 12,000 ரூபா. மொத்தம் 62,000. கிழமைக்கு ஏறக்குறைய 1,192 ரூபா. ஆனால் கடனாளி 50,000 ரூபாவையும் வருடம் முழுக்க வைத்திருக்கவில்லை. ஆறு மாதத்தில் பாதியளவு கட்டி முடித்துவிடுகிறார். குறைந்து செல்லும் மீதிக்குக் கணக்குப் பார்த்தால் உண்மையான வட்டி சுமார் 44 வீதம். இந்தக் கணக்கை மோட்டார் சைக்கிளில் தவணை சேர்த்துக் கொண்டு திரிந்து கற்றுக்கொள்ள முடியாது. கணக்குத் தெரியாத உத்தியோகத்தர் 24 வீதம் என்று மனதார நம்பியே சொல்லிவிட்டு வருவார்.

பங்களாதேஷில் இதற்கு இரண்டு வழிகளைக் கையாண்டார்கள். 1976ல் சிட்டகொங்கிற்கு அருகே ஜோப்ரா கிராமத்தில் பேராசிரியர் முஹம்மத் யூனுஸ் தொடங்கிய திட்டம், 1983ல் கிராமீன் வங்கியானது. அங்கு புதிதாகச் சேருபவர்களைப் பயிற்சிக் காலத்தில் கிராமக் கிளைகளுக்கு அனுப்பினார்கள். ஓர் ஏழைப் பெண்ணின் வாழ்க்கையை விசாரித்து எழுதி வருவதும் பயிற்சியில் ஒரு பாடம். பிறகு பயிற்சி நிலையத்தில் கூடி, கண்டதைப் பேசி ஆராய்வார்கள். 1978ல் ஆரம்பமான ஆஷா நிறுவனம் செலவைக் குறைக்க விரும்பியது. புதியவரை ஓர் அனுபவசாலியுடன் கிளையிலேயே விட்டுப் பழக்கியது. விதிகளை எளிமையாக எழுதிக் கையில் கொடுத்தது. இரண்டு நிறுவனங்களும் வளர்ந்தன. வழி வேறானாலும் இரண்டுமே கடனாளியின் வாசலையே முதல் பள்ளிக்கூடமாக வைத்தன.

நம் நாட்டில் நடந்ததையும் மறக்கக் கூடாது. வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்கள் எடுத்த, ஓர் இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களை 2018ல் அரசாங்கம் தள்ளுபடி செய்ய வேண்டி வந்தது. அதற்குக் காரணங்கள் பல. ஒரே பெண்ணுக்குப் பல நிறுவனங்கள் கடன் கொடுத்ததும், சேர்த்த தொகையை வைத்தே உத்தியோகத்தரை மதிப்பிட்டதும் அவற்றுள் அடங்கும். வசூலிக்க மட்டும் பழக்கப்பட்டவருக்கு "இவருக்குக் கடன் வேண்டாம்" என்று சொல்லத் தெரியாது.

ஆகவே இரண்டையும் கலக்க வேண்டும். கிழமையில் நான்கு நாள் கிளையில், ஒரு நாள் வகுப்பில் என்று ஒரு வருடம் வைக்கலாம். முதல் மூன்று மாதம் மூத்த உத்தியோகத்தரின் பின்னால் போய்ப் பார்ப்பது மட்டும். அடுத்து வருமானக் கணிப்பை அவர் முன்னிலையில் செய்வது. கடைசியாகச் சிறு தொகைக் கடன்களைத் தானே சிபார்சு செய்வது. வகுப்பில் வட்டிக் கணக்கு, பேரேடு, சட்டம், கடனாளியுடன் பேசும் முறை. களத்தில் கண்ட பிரச்சினையையே வகுப்பில் பாடமாக எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டும் தண்டவாளம் போல் ஒட்டாமல் போகும்.

இதற்கான அத்திவாரம் நம் நாட்டில் உண்டு. வேலைத்தளத்தில் பயிலுனரைச் சேர்க்கும் முறையை நைட்டா எனப்படும் தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகார சபை நடத்துகிறது. என்.வி.கியூ. தொழிற் தகைமை ஏழு மட்டங்களைக் கொண்டது. ஏற்கனவே வேலை தெரிந்தவரின் அனுபவத்தை மதிப்பிட்டுச் சான்றிதழ் வழங்கவும் அதில் இடமிருக்கிறது.

பிள்ளையை இந்த வேலைக்கு அனுப்பும் பெற்றோர் மூன்று விடயங்களை விசாரியுங்கள். யாருக்குக் கீழ் பழக விடுவார்கள்? எத்தனை நாள் வகுப்பு? சம்பளம் வசூலை மட்டும் பார்த்தா? பள்ளிவாசல்களில் வட்டியில்லாக் கடன் நிதியம் நடத்தும் சகோதரர்களுக்கும் இது பொருந்தும். வட்டி இல்லை என்பதால் கணிப்புத் தேவையில்லை என்றாகாது. திரும்பி வராத கடன் அடுத்த ஏழையின் பங்கு.

இரண்டு பிள்ளைகளைத் தெரிவு செய்து, கணக்குத் தெரிந்த ஒரு வியாபாரியிடம் ஆறு மாதம் பழக விடுங்கள். மாலையில் கொப்பியுடன் உட்கார வையுங்கள். அந்த நிதியம் நிலைக்கும்.